நாற்பது நாள் தவணையும் நாங்கள் பேசாமல் விட்ட வலியும்





இன்று எழுதப்போகும் விடயம் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். மறைவிடத்து முடியையும் கமக்கட்டு முடியையும் களைவது பற்றியது. குறிப்பாக, அதனால் வரும் வலி, எரிவு, வெட்டுக்காயம், கட்டி பற்றியது. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டிலுள்ள உம்மா, ராத்தா, தங்கச்சிமாருக்கும், வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

இதை ஏன் எழுதுகிறோம்? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் நிலைமை ஒன்றுதான். இயற்கை மரபான ஐந்து காரியங்களைப் பிள்ளைகள் அழகாக ஒப்புவிப்பார்கள். ஆனால் அதைக் காயமில்லாமல் எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வாப்பா மகனிடம் பேசமாட்டார். உம்மா மகளிடம் "நாற்பது நாளைக்கு மேல விடாதே" என்பதோடு நிறுத்திவிடுவார். பிள்ளை கையில் கிடைத்த பழைய பிளேட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும். வெட்டுப்பட்டாலும் சொல்லாது. சீழ்க்கட்டி வந்து நடக்க முடியாமல் போனாலும், காய்ச்சல் வரும்வரை சொல்லாது.

இதற்கு மேல் ஒரு தவறான எண்ணமும் எங்களுக்குள் இருக்கிறது. மார்க்கம் சொன்ன காரியம், ஆகவே வலித்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது. வரலாற்றைப் பார்த்தால் எங்கள் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

குபைப் (ரழி) கேட்ட சவரக்கத்தி

ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு. ரஜீஃ என்ற இடத்தில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்ட குபைப் இப்னு அதீ (ரழி) அவர்கள் மக்காவில் விற்கப்பட்டார்கள். ஹாரிஸ் என்பவரின் பிள்ளைகள் அவரை வாங்கிச் சிறை வைத்தார்கள். மரணம் நிச்சயம் என்று தெரிந்த நாட்களில், அந்த வீட்டுப் பெண் ஒருவரிடம் அவர் இரவலாகக் கேட்டது ஒரு சவரக்கத்தி. மறைவிட முடியைக் களைந்து தூய்மையாவதற்காக. அந்தப் பெண்ணும் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவருடைய சிறுபிள்ளை தவழ்ந்துபோய்க் கைதியின் மடியில் ஏறிவிட்டது. கையில் கத்தியுடன் குபைப், மடியில் பிள்ளை. தாய் நடுங்கிப்போனார். பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று பயப்படுகிறீர்களா, நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று குபைப் ஆறுதல் சொன்னார்கள். இச்சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பின்னாளில் இதை அறிவித்ததும் அதே பெண்தான்.

இந்தச் சம்பவத்தை எங்கள் பயான்களில் குபைபின் நற்குணத்துக்காகச் சொல்வார்கள். அதில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தத் தேவையை ஒரு ஆண், அந்நிய வீட்டில், கைதியாக இருந்துகொண்டே கேட்க முடிந்தது. கேட்டவருக்கும் அது அசிங்கமாகத் தோன்றவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அதைச் சொன்ன பெண்ணுக்கும் தோன்றவில்லை.

பெண்கள் விடயமும் அப்படித்தான். ஒரு பயணத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பியபோது, உடனே வீடுகளுக்குள் நுழைந்துவிடாமல் சற்றுத் தாமதிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். மனைவியர் தலைவாரிக்கொள்ளவும், கணவர் ஊரில் இல்லாதிருந்த பெண்கள் முடி களைந்துகொள்ளவும் அவகாசம் வேண்டும் என்பதே காரணம். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸில் முடி களைவதற்கு வரும் சொல், 'ஹதீத்' அதாவது இரும்பு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இரும்புக் கருவியைப் பாவிப்பது என்று பொருள். ஆக, அன்றைய மதீனாப் பெண்களும் கத்தி பாவித்தார்கள். அவசரப்பட்டுச் செய்யாமலிருக்க அவர்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

நாற்பது என்பது கடைசி எல்லை

மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், கமக்கட்டு முடி, மறைவிட முடி ஆகியவற்றை நாற்பது இரவுகளுக்கு மேல் விட்டுவிடாதிருக்கத் தவணை குறிக்கப்பட்டது என்று அனஸ் (ரழி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இது கடைசி எல்லை. இந்த எல்லைக்குள் தேவைக்கேற்பச் செய்யலாம் என்பதே அறிஞர்களின் விளக்கம். தோல் இலகுவில் புண்ணாகும் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை ஒட்ட மழித்துத் தன்னைத் துன்புறுத்தத் தேவையில்லை. பழைய காயம் ஆறுவதற்கு இந்தத் தவணைக்குள் போதிய நாட்கள் உண்டு.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கே வலித்தது

எங்கள் பிரதேசத்தவர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றி வந்தவர்கள். ஆகவே அந்த இமாமைப் பற்றிய ஒரு செய்தி எங்களுக்கு முக்கியம்.

கமக்கட்டு முடியைப் பொறுத்தவரை ஹதீஸில் வந்த சொல் பிடுங்குவது. இமாம் ஷாஃபிஈ (ஹிஜ்ரி 150–204) அவர்களிடம் அவருடைய எகிப்து மாணவர் யூனுஸ் இப்னு அப்தில் அஃலா ஒருமுறை சென்றபோது, நாவிதர் ஒருவர் இமாமின் கமக்கட்டை மழித்துக்கொண்டிருந்தார். பிடுங்குவதே சுன்னத் என்பது தனக்குத் தெரியும், ஆனால் அந்த வலியைத் தன்னால் தாங்க முடியவில்லை என்று இமாம் மாணவரிடம் சொன்னார்கள்.

இதை எழுதி வைத்தவர் இமாம் நவவி (ரஹ்). ஹிஜ்ரி 676இல், அதாவது 1277இல் வபாத்தான அவர், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதைப் பதிவுசெய்கிறார். மறைவிட முடிக்கு மழிப்பது சிறந்தது, ஆனால் கத்தரிப்பதும், பிடுங்குவதும், முடி களையும் பசை பூசுவதும் ஆகும் என்றும் அங்கேயே சொல்கிறார்.

அவருக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (வபாத்: 1111), இஹ்யா உலூமித்தீனின் தூய்மை பற்றிய பாகத்தில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். ஆரம்பத்திலிருந்தே பிடுங்கிப் பழகியவருக்கு அது இலகு. மழித்துப் பழகியவருக்கு மழிப்பதே போதும். பிடுங்குவதில் வேதனை இருக்கிறது, நோக்கமோ அழுக்குச் சேராமல் சுத்தமாக இருப்பது, அது மழித்தாலும் கிடைத்துவிடுகிறது என்பது அவர் தரும் காரணம்.

பிற்கால ஷாஃபிஈ நூல்களில் மறைவிடத்து முடிக்கு ஆண்கள் மழிப்பதும் பெண்கள் பிடுங்குவதும் சிறந்தது என்று எழுதப்பட்டது உண்மை. எழுதப்பட்டது 'சிறந்தது' என்றுதான், 'கடமை' என்று அல்ல. இமாமுக்குத் தன் கமக்கட்டில் கிடைத்த சலுகை, எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கிடைக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. இத்துறையின் பெரிய இமாம்கள் மூவருமே வலியை ஒரு நியாயமான காரணமாக எடுத்தோ, இலகுவான வழியைத் திறந்தோ விட்டிருக்கிறார்கள். நாங்கள்தான் அந்த வாசலைச் சாத்திக்கொண்டோம்.

சுண்ணாம்பும் அரிதாரமும்

கத்தியை விட்டால் அன்றைய மக்களிடம் வேறு என்ன இருந்தது? அரபு நாடுகளில் 'நூரா' என்ற பசை இருந்தது. சுட்ட சுண்ணாம்பையும், 'ஸர்னீக்' எனப்படும் மஞ்சள் நிறக் கனிமத்தையும் சேர்த்துக் குழைத்தது. குளிப்பு மண்டபங்களில் அதைப் பூசி, சற்று நேரத்தில் கழுவிவிடுவார்கள். முடி இளகிக் கழன்றுவிடும். அது தோலையும் சுடும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இப்னு ஸீனா (வபாத்: 1037) தன் மருத்துவ நூலான அல்-கானூனில் நூராவைப் பற்றியும் அது சுடுவதைப் பற்றியும் எழுதினார். 1540களில் உஸ்மானிய நாடுகளைச் சுற்றிய பிரெஞ்சு அறிஞர் பியர் பெலோன், 1553இல் வெளியிட்ட நூலில் இதே பசையை 'ருஸ்மா' என்ற பெயரில் வர்ணித்தார்.

இது அரபிகளிடம் மட்டும் இருந்ததல்ல. பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையிலும் முடி களையும் பசை வருகிறது. சங்குச் சுண்ணாம்பும் அரிதாரமும் புளிப்பு நீரில் அரைத்தது. அந்த அரிதாரம்தான் அரபியின் ஸர்னீக். புண்ணின் மேல் முடி இருந்து ஆறாமல் தடுத்தால் சவரக்கத்தி, கத்தரிக்கோல், சாவணம் ஆகியவற்றால் நீக்கலாம் என்றும் அதே நூல் சொல்கிறது. இன்றும் எங்கள் கையில் இருப்பவை அதே மூன்று கருவிகள்தான்.

கூத்துக்கு முகத்தில் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோமே, அது இந்த மஞ்சள் கனிமத்தின் பெயர்தான். அதற்குள் இருப்பது ஆர்செனிக் நஞ்சு. ஆகவே யாரும் நாட்டு மருந்துக்கடையில் வாங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சுண்ணாம்பும் தோலை அரித்துவிடும்.

இன்று கடைகளில் விற்கும் முடி நீக்கும் கிறீம்களில் ஆர்செனிக் இல்லை. தயோகிளைக்கோலேட் என்ற உப்பு இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் விதம் பழைய நூராவைப் போன்றதே. முடியைக் கட்டிவைத்திருக்கும் கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அது அறுக்கிறது. தோலின் மேற்படையும் கெரட்டின்தான். ஆகவே முடிக்கு நடப்பது, நேரம் கூடினால், தோலுக்கும் நடக்கும். பெட்டியில் நிமிடக் கணக்கு எழுதியிருப்பது அதற்காகத்தான். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று விட்டதால் வெந்துபோனவர்கள் பலர்.

எங்கள் கரையோரத்தில்

எங்கள் ஊர்களில் சவரமும் சுன்னத் வைப்பதும் ஒஸ்தாமாரின் கையில் இருந்தது. பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்தவர்கள். அவர்களின் மனைவிமாரை ஒஸ்தா மாமி என்று அழைப்போம். மருத்துவிச்சி வேலையும் அவர்களுடையதே. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தன் நூலில் இவர்களைப் பதிவுசெய்திருக்கிறார். ஒஸ்தாவின் பெட்டியில் தீட்டிய கத்தியும், தீட்டுக்கல்லும், சவரத்துக்குப் பின் தடவும் படிகாரமும் இருக்கும். படிகாரம் சிறு வெட்டில் இரத்தத்தை நிறுத்தும். அறிந்து செய்த வேலை அது.

ஆனால் மறைவிடத்தை ஒவ்வொருவரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒஸ்தாவின் கைத்திறன் கிடையாது. 1903இல் அமெரிக்காவில் ஜில்லட் கம்பனி மாற்றக்கூடிய அலகு கொண்ட ரேசரை விற்கத் தொடங்கி, பின்னர் அந்த வகை பிளேட் உலகமெல்லாம் பரவி எங்கள் கடைகளுக்கும் வந்தபோது, கத்தி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதைப் பிடிக்கும் முறை மட்டும் வரவில்லை. கைப்பிடி இல்லாமல் வெறும் பிளேட்டை இரண்டாக உடைத்துப் பாவிப்பதும், ஒரு பிளேட்டை வீட்டில் பலர் மாறி மாறிப் பாவிப்பதும் அப்படி வந்த பழக்கங்களே.

பின்னர் சவூதி, குவைத், கட்டார் என்று எங்கள் பெண்கள் வேலைக்குப் போன காலம் வந்தது. அரபு வீடுகளில் சீனியும் எலுமிச்சம்புளியும் தண்ணீரும் காய்ச்சிப் பாகாக்கி, அதைத் தோலில் ஒட்டி இழுத்து முடி களைவார்கள். எகிப்திலும் ஷாமிலும் பெண்களிடம் நெடுங்காலமாக உள்ள முறை. போய் வந்தவர்கள் வழியாக அதுவும் இங்கே அறிமுகமானது. பழகியவருக்கு நல்லது. ஆனால் பாகு ஆறுமுன் வைத்தால் தோல் வெந்துவிடும். புதியவர் மறைவிடத்தில் தொடங்கவே கூடாது.

ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்ட பாடம்

இதே கேள்வியை மேற்கத்திய மருத்துவமும் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு முன்னும் சத்திரசிகிச்சைக்கு முன்னும் முடியை மழித்தால் கிருமி குறையும் என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் நம்பினார்கள். 1922இல் ஜோன்ஸ்டன், சிடால் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், பிரசவத் தாய்மாரை மழித்தும் மழிக்காமலும் ஒப்பிட்டு, மழிப்பதால் நன்மை இல்லை என்று காட்டினார்கள். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

1971இல் செரோப்பியன், ரெனல்ட்ஸ் என்பவர்கள் 406 சத்திரசிகிச்சை நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ரேசரால் மழித்தவர்களில் 5.6 வீதமானோருக்குக் காயத்தில் கிருமித்தொற்று. கிறீம் பூசி முடி நீக்கியவர்களிலும், ஒன்றும் செய்யாமல் விட்டவர்களிலும் 0.6 வீதம் மட்டுமே. காரணம் இலகுவானது. ரேசர் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களைப் போடுகிறது. அந்தக் கீறல்களில் கிருமி குடியேறுகிறது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலில், சத்திரசிகிச்சைக்கு முன் முடியை நீக்காமலே விடுவது நல்லது, கட்டாயம் தேவையென்றால் கிளிப்பர் மெசினால் மட்டும் வெட்டுங்கள், ரேசர் வேண்டாம் என்றது. 2018இல் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதும் தேவையில்லை என்றது.

ஆகவே சிசேரியனுக்கோ வேறு ஒப்பரேசனுக்கோ திகதி கிடைத்தால், "சுத்தமாகப் போவோம்" என்று முதல்நாள் இரவு வீட்டில் ரேசரால் மழித்துக்கொண்டு போகாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று வார்ட்டில் கேளுங்கள்.

இந்த வரலாற்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு

ஒன்று. தோல் மென்மையானவர்கள், அடிக்கடி கட்டி வருபவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை குறைந்த முதியவர்கள் ஒட்ட மழிக்கத் தேவையில்லை. கத்தரிக்கோலாலோ, தோலில் படாத மூடி போட்ட டிரிமராலோ குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். இமாம் நவவி கத்தரிப்பதை அனுமதித்திருக்கிறார். வைத்தியர்களும் அதையே விரும்புகிறார்கள்.

இரண்டு. மழிப்பதென்றால் முதலில் நீளமான முடியைக் கத்தரித்துவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைய விடுங்கள். முடி இளகும், வலியும் குறையும். வாசமில்லாத சவர்க்கார நுரை அல்லது ஷேவிங் ஜெல் பூசி, புதிய ரேசரால், முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். எதிர்த்திசையில் ஒட்ட வெட்டினால் முடி தோலுக்குள் சுருண்டு வளர்ந்து கட்டியாகும்.

மூன்று. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வாசலின் அல்லது வாசமில்லாத லோஷன் கொஞ்சம் போதும். டெட்டோல், பவுடர், அத்தர், எலுமிச்சம்புளி எதுவும் அங்கே வேண்டாம். எங்கள் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அன்று தளர்வான பருத்தி உடையே நல்லது. ஆகவே வேலை முடித்து வந்து இரவில் செய்வது நல்லது.

நான்கு. கிறீம் பாவிப்பதென்றால் முதலில் காலில் சிறிது பூசிப் பார்த்து ஒரு நாள் பொறுங்கள். மறைவிடத்துக்கு உகந்தது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும், வெளித்தோலில் மட்டும் பூசுங்கள். உள்பகுதியில் படக்கூடாது. மழித்த அன்றே பூசவும் கூடாது. கலியாணத்துக்கு முதல்நாள் புதுக் கிறீமைச் சோதிக்காதீர்கள்.

ஐந்து. மெழுகு அல்லது சீனிப்பாகு பாவிக்கும் பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் வலி கூடத் தெரியலாம். முடிந்து சில நாட்களின் பின் செய்வது இலகு. மரக்கச் செய்யும் மருந்து பூச விரும்பினால் வைத்தியரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

ஆறு. ரேசரும் பிளேட்டும் ஆளுக்கு ஒன்று. புருஷன் பெண்சாதி என்றாலும், அண்ணன் தம்பி என்றாலும் மாறக்கூடாது. ஈரல் அழற்சி பி, சி கிருமிகள் இரத்தத்தால் பரவும். கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தமே போதும்.

ஏழு. துல்ஹஜ் பிறைக்கு முதல்நாள் மஃரிபுக்கு முன் அவசர அவசரமாகச் செய்வதும் காயத்துக்கு ஒரு காரணம். உழ்ஹிய்யா கொடுக்க நிய்யத் வைத்தவர்களும், ஹஜ், உம்ராவுக்கு இஹ்ராம் கட்டப் போகிறவர்களும் இரண்டு மூன்று நாள் முந்தியே முடித்துக்கொள்ளுங்கள்.

எட்டு. சிவப்புப் பரவிக்கொண்டு போனால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால், கட்டி பெரிதாகினால் வெட்கப்படாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டியை நீங்களே பிதுக்கவோ குத்தவோ வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பெண் வைத்தியர் வேண்டுமென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டில் படுக்கையில் இருக்கும் மூத்தம்மா, மூத்தவாப்பாவை மறந்துவிடுகிறோம். தங்களால் முடியாமல், பிள்ளைகளிடம் சொல்லவும் முடியாமல் அந்தத் தூய்மையை இழந்துவிட்டோமே என்று மனதுக்குள் வருந்துபவர்கள் இருக்கிறார்கள். கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் அவர்கள் உதவலாம். இல்லையென்றால் என்ன செய்யலாம் என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்டால் வழி கிடைக்கும். கேட்காமல் விட்டால் அவர்களின் வருத்தம் அவர்களோடேயே போய்விடும்.

பெரிய இமாம் ஒருவர் தன் மாணவனிடம் "எனக்கு வலிக்கிறது" என்று சொல்ல வெட்கப்படவில்லை. எங்கள் பிள்ளைகளும் உம்மாவிடமும் வாப்பாவிடமும் அதைச் சொல்லக்கூடிய வீடுகளாக எங்கள் வீடுகளை ஆக்குவோம். பருவமடைந்த மகளுக்கு உம்மாவும், மகனுக்கு வாப்பாவும் ஒரு புது ரேசரை வாங்கிக் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும்.

வல்ல அல்லாஹ் எங்கள் உள்ளங்களையும் உடல்களையும் தூய்மையாக்கி, மார்க்கத்தை இலகுவாக விளங்கி நடக்க அருள்புரிவானாக. ஆமீன்.